நாற்பது எடுத்தால் பாஸ்

மகாராஷ்டிராவில் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு 35 எடுத்தால் பாஸ். ஊனத்துக்கு 40 வேண்டும். ஒரு சதவீதம் குறைந்தாலும் இட ஒதுக்கீடு கிடையாது. நொண்டுவது உங்கள் சொந்தச் செலவு. தாராவியில் படித்த காலத்தில் கணக்கில் நான் எடுத்ததைவிட என் இடது கால் எடுத்தது அதிகம். சான்றிதழைப் பார்த்த அப்பா, திருநெல்வேலிக்காரர், "இதக் கணக்குல வாங்கிருந்தா பேங்க்ல சேந்திருப்பியேலே" என்றார். அந்தக் காகிதத்தைக் காட்டித்தான் பின்னால் பேங்கில் சேர்ந்தேன்.

எனக்கு போலியோ. இரண்டு வயதில் வந்த காய்ச்சல், திரும்பிப் போகும்போது காலின் பலத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு போனது. தெருக் கிரிக்கெட்டில் பையன்கள் என்னை நிரந்தர அம்பயர் ஆக்கினார்கள். இரக்கப்பட்டுச் செய்தது அது. நான் எல்.பி.டபிள்யூ. கொடுக்கத் தொடங்கியதும் இரக்கம் காணாமல் போய்விட்டது. நொண்டி என்று கூப்பிட்டவனெல்லாம் முதல் பந்திலேயே அவுட்.

இயற்கையான வைரஸால் போலியோ வந்த இந்தியாவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் ஹவுராவில் ஒரு குழந்தை. 2014 மார்ச் 27-ல் தென்கிழக்கு ஆசிய வட்டாரத்துக்கே போலியோ இல்லை என்று சான்று கொடுத்தார்கள். அன்று ஆபீஸில் ஆளாளுக்கு வந்து எனக்குக் கை கொடுத்தார்கள். நல்ல செய்திதான், சந்தேகமில்லை. ஆனால் எங்கள் கூட்டத்துக்கு இனிமேல் புது ஆள் கிடையாது. ஹாஜி அலி மறுவாழ்வு ஆஸ்பத்திரியில், காலில் மாட்டும் கேலிப்பருக்கு அளவு கொடுக்கப் போனால் இப்போது வரிசையில் பைக்கிலிருந்து விழுந்தவர்களும் சர்க்கரையில் கால் போனவர்களும்தான் அதிகம். போலியோ என்று சொன்னால், பழைய பத்து பைசாவை நீட்டியதுபோல ஒரு பார்வை பார்க்கிறார்கள்.

எங்களுக்கென்று உலகம் இரண்டே உத்தியோகம் வைத்திருக்கிறது. முதலாவது, பரிதாபம். மாட்டுங்காவில் ஒரு கோயில் வாசலில், உள்ளே போன மனைவிக்காகச் செருப்புக் காவல் காத்துக்கொண்டு நின்றேன். போகிற போக்கில் ஒருவர் என் கையில் ஐந்து ரூபாயை வைத்துவிட்டு நடந்தார். கூப்பிட்டுத் திருப்பிக் கொடுப்பதற்குள் கூட்டத்தில் மறைந்துவிட்டார். வெளியே வந்த மனைவி, "இஸ்திரி போட்ட சட்டைக்கே அஞ்சுன்னா, நாளைக்குப் பழசைப் போட்டுட்டு வாங்க" என்றாள்.

இரண்டாவது உத்தியோகம், சுதா சந்திரன். பம்பாயில் வளர்ந்த நம் பெண். 1981-ல் திருச்சி பக்கம் நடந்த விபத்துக்குப் பிறகு காலை எடுக்க வேண்டி வந்தது. ஜெய்ப்பூர் காலை மாட்டிக்கொண்டு திரும்பவும் பரதம் ஆடினார். 1985-ல் 'மயூரி' படத்தில் தன் கதையில் தானே நடித்தார். எனக்குச் சனி பிடித்தது அந்தப் படத்திலிருந்துதான். செம்பூரில் எங்கள் கட்டிடத்து லிஃப்ட் நின்றுபோகும்போதெல்லாம் மேல் வீட்டு மாமி, "அந்தப் பொண்ணு மேடையில ஆடறா, உங்களால மூணு மாடி ஏற முடியாதா?" என்பார். இரண்டு காலும் நன்றாக இருக்கிற தன் மகள் ஏன் ஆடவில்லை என்று மாமியிடம் நான் ஒருநாளும் கேட்டதில்லை. 2021 அக்டோபரில் சுதா சந்திரனே ஒரு வீடியோவில், விமான நிலையத்தில் ஒவ்வொரு தடவையும் செயற்கைக் காலைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று மனம் நொந்து பேசினார். பாதுகாப்புப் படை மன்னிப்புக் கேட்டது. அன்றைக்குத்தான் எனக்கு அவர்மேல் பாசம் வந்தது. எத்தனை விருது வாங்கினாலும் மெட்டல் டிடெக்டருக்கு அவரும் நானும் ஒன்றுதான்.

படிக்கட்டு விஷயத்தில் சாமியிலும் எனக்குக் கட்சி உண்டு. செம்பூர் சேடா நகர் முருகன் படிக்கட்டுக்கு மேலே இருக்கிறார். கோபம் வந்தால் மலையேறிவிடுகிற பிள்ளை. பழனியில் விஞ்சும் ரோப் காரும் வைத்து ஆட்களைத் தூக்க வேண்டியிருக்கிறது. அண்ணன் பிள்ளையார் அப்படியா? தெருமுனையில், அரசமரத்தடியில், ரோட்டு மட்டத்தில் உட்கார்ந்திருப்பார். தலை மாற்று ஆபரேஷன் ஆனவர், ஒரு தந்தம் ஒடிந்தவர். மெடிக்கல் போர்டு முன்னால் உட்கார்ந்தால் 40 நிச்சயம். உலகத்தைச் சுற்றி வா என்றதற்கு அம்மையப்பனைச் சுற்றிவிட்டு மாம்பழத்தை வாங்கிக்கொண்டவர். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் நியாயமான வசதி செய்து தர வேண்டும் என்று எழுதியிருக்கிறார்களே, அதைக் கைலாசத்திலேயே கேட்டு வாங்கியவர் அவர்.

உலகம் எங்களுக்கு வைத்த அந்த இரண்டு உத்தியோகமும் செல்லாத இடம் ஒன்று உண்டு: லோக்கல் ரயிலின் ஹேண்டிகேப் டப்பா. கண் தெரியாதவர்கள் இடம் கண்டுபிடிக்க, அது வந்து நிற்கும் இடத்தில் பிளாட்பாரத்தில் பீப் பீப் என்று ஒலிக்கும். பெட்டிக்கு வெளியே சக்கர நாற்காலிப் படம் இருக்கும். பிளாட்பாரத்து இடைவெளியைத் தாண்டி ஒரு சக்கர நாற்காலி தானாக உள்ளே வந்து நான் பார்த்ததில்லை. உள்ளே யாரும் யாரையும் பார்த்து உச்சுக்கொட்டுவதில்லை. "கியா ஹுவா ஹை?" (என்ன ஆச்சு?) என்பதுதான் அங்கே வணக்கம். பரேல் டாடா ஆஸ்பத்திரிக்குப் போகும் புற்றுநோயாளி, கர்ப்பிணி, காது கேளாத பையன் எல்லாரும் ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொள்வோம். தடிமாடு மாதிரி ஒருவன் ஓடிவந்து ஏறுவான். எங்கள் முகங்களைப் பார்த்ததும் நொண்டத் தொடங்குவான். அனுபவத்தில் சொல்கிறேன், எந்தக் கால் என்பது அடுத்த ஸ்டேஷனுக்குள் அவனுக்கு மறந்துவிடும்.

போன மாதம் ஒரு சாயங்காலம் சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷனில் அந்த டப்பாவில் ஏறினேன். என் வழக்கமான ஜன்னலில் மாவுக்கட்டுக் காலோடு ஒரு காலேஜ் பையன். என் கேலிப்பரை வெகுநேரம் பார்த்தான். எப்போதிலிருந்து என்று கேட்டான். இரண்டு வயதிலிருந்து என்றேன். கண் கலங்கிவிட்டது அவனுக்கு. "அங்கிள், நீங்க ஒரு பெரிய இன்ஸ்பிரேஷன்" என்று இந்தியில் சொல்லி எழுந்து நின்றான். நான் கேலிப்பரின் முழங்கால் பூட்டை டக்கென்று விடுவித்து உட்கார்ந்தேன். செம்பூர் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றான். நிற்கட்டும், ஆறு வாரத்தில் பிரிக்கப்போகிற கட்டுதானே.