பதினாலு காரட் தேசபக்தி

1954 அக்டோபர் 18-ல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரி இனி எந்த நாட்டோடு என்று முடிவு செய்யக் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். 170 பேர் இந்தியா என்றார்கள், 8 பேர் பிரான்ஸ் என்றார்கள். இதைப் பாரிஸ் முறைப்படி ஒப்புக்கொள்ள ஏறக்குறைய எட்டு வருஷம் பிடித்தது. 1962 ஆகஸ்ட் 16-ல்தான் புதுச்சேரி சட்டப்படி இந்தியா ஆயிற்று. அறுபத்தைந்தாம் நாள் சீனாவோடு போர். மஞ்சள் கயிறு காய்வதற்குள் மருமகளைப் பங்காளிச் சண்டைக்குக் கூப்பிட்டது போல.

சீன எல்லையில், நம்கா சூ ஆற்றங்கரையில் ஜவான்கள் பருத்தி உடுப்பும் கான்வாஸ் ஷூவுமாக நின்றார்கள். கவனித்திருக்க வேண்டியவர்கள் டெல்லியில் பஞ்சசீலம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆகவே ஸ்வெட்டர் பொறுப்பு நாடெங்கும் மாதர் சங்கங்களின் மடியில் வந்து விழுந்தது. வடக்கே சரி, குளிர் தெரிந்தவர்கள். நம் பக்கமோ மார்கழிப் பனிக்கே காதை மறைத்துத் துண்டு கட்டுகிற சீமை. இங்கே புதிதாக ஊசி பிடித்தவள் முதுகுப் பக்கத்தை முடித்துக் கைப்பக்கம் வருவதற்குள், நவம்பர் 21-ல் சீனா தானாகவே சண்டையை நிறுத்திவிட்டது. போனால் போகிறது, பனி நிற்கவில்லையே, ஸ்வெட்டர் வீண்போகாது.

அடுத்தது தங்கம். தேசப் பாதுகாப்பு நிதிக்கு இந்திரா காந்தியே நகை கொடுத்தார். அப்புறம் என்ன, சங்கத் தலைவி மேடையில் வளையலைக் கழற்றினால் முன்வரிசையில் இருப்பவள் முந்தானையால் கையை மூடிக்கொண்டா உட்கார்ந்திருக்க முடியும்? ஆண்கள் பலமாகக் கைதட்டினார்கள். அவர்கள் கையில் கழற்ற ஒன்றும் இல்லை.

'பொங்கலுக்கு வேறு செய்துகொள்ளலாம்' என்று மனதைத் தேற்றியவர்களுக்கு 1963 ஜனவரியில் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் பதில் வைத்திருந்தார்: இனிப் புது நகை 14 காரட்டுக்கு மேல் கூடாது! நூறில் ஐம்பத்தெட்டுப் பங்கு பொன், மிச்சம் செம்பு போன்ற சரக்கு. முதலில் கேட்டு வாங்கினார்கள், பிறகு சட்டம் போட்டு மறித்தார்கள். இதில் நிஜமாகவே அடிபட்டவர்கள் தட்டார்கள். பட்டறை படுத்துப் பல குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. அவர்களுக்காக யாரும் மேடை போட்டு நிதி திரட்டியதாகப் பெரிய பேச்சு இல்லை.

1965-ல் பாகிஸ்தானோடு போர், கூடவே பஞ்சம். திங்கட்கிழமை ராத்திரிச் சாப்பாட்டை விடுங்கள் என்றார் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி. அமாவாசை, கிருத்திகை, சஷ்டி என்று காலங்காலமாய்ப் பட்டினி கிடக்கும் பெண்களிடம் இதைப் பிரசாரம் செய்யச் சங்கங்கள் கிளம்பின. அந்தப் பெண்களில் பாதிப்பேர் ஏற்கெனவே சோமவார விரதக்காரிகள். திங்கட்கிழமை சாயங்காலம் ஓட்டல் கதவு சாத்தியிருப்பதைப் பார்த்த பிறகுதான், நாட்டில் போர் நடக்கிறதென்று ஆண்களின் வயிற்றுக்குத் தெரிந்தது.