கடைசி பஸ்ஸுக்குப் பிறகு வரும் பாட்டு

மலையகத்து மனிதனின் இசை ரசனையைத் தீர்மானிப்பது காது அல்ல, கடைசி பஸ். இது என் நெடுநாள் ஆராய்ச்சி முடிவு.

ஊவாவில் எந்த ஊரில் மியூசிக்கல் ஷோ நடந்தாலும் ஒழுங்கு மாறாது. முதலில் உள்ளூர்ப் பிள்ளைகளின் இசைக்குழு. அடுத்து, பிரதேச சபைக்காரர் ஒருவரின் சிற்றுரை. அது சிறியதாக இருந்ததாக வரலாறு இல்லை. அதன் பிறகு வழியை மறித்து நிற்கும் ஏதோ ஒரு வேனின் இலக்கத்தைச் சொல்லி எடுக்கச் சொல்வார்கள். வேன்காரர் வரமாட்டார். மறுபடி சொல்வார்கள். இத்தனையும் முடிந்து, கொழும்பிலிருந்து வந்த பெரிய குழு மேடையேறும்போது நடுச்சாமம் ஆகியிருக்கும். எங்கள் பசறைப் பக்கத்துக் கடைசி பஸ்ஸோ பொழுது சாய்ந்த கையோடு போயிருக்கும். பதுளை வின்சன்ட் டயஸ் மைதானத்துக்குப் போய், பெரிய குழுவின் டிரம்ஸை லொறியிலிருந்து இறக்குவதை மட்டும் கண்குளிரப் பார்த்துவிட்டுத் திரும்பிய ஒரு தலைமுறையே எங்கள் தோட்டங்களில் உண்டு.

பதுளைக்கு எதுவும் கடைசியாகத்தான் வரும். ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். கொழும்பில் கிளம்பி, மலைகளைக் குடைந்து, தெமோதரையில் தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றி, 1924இல்தான் பதுளையை எட்டியது. வந்த களைப்பில் அங்கேயே நின்றுவிட்டது. அதற்கப்பால் பசறை, மடுல்சீமை, லுணுகலைத் தோட்டங்களுக்கெல்லாம் பஸ்தான் கதி.

அந்தப் பஸ்ஸில்தான் எனக்கும் என் கூட்டாளி செல்வாவுக்கும் 'ஜிப்சீஸ்' இசைக்குழு அறிமுகம். சாரதியின் தலைக்கு மேலே ஒரு டீவி. அதில் ஓயாமல் நேரடி இசை நிகழ்ச்சி டீவீடி. குழுவின் பாடகர் சுனில் பெரேரா கிட்டாரோடு வந்து 'லுணு தெஹி', 'அங்கிள் ஜோன்சன்' என்று எடுத்துவிட்டால், கூடையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு நிற்கும் கிழவிகூடப் பெருவிரலால் தாளம் போடுவாள். போர்த்துக்கேயரோடும் ஆபிரிக்கரோடும் கரையிறங்கிய பைலாத் தாளம் அது. சிங்களத்தில் குடியேறி, ஏ.ஈ. மனோகரனின் குரலில் 'சுராங்கனி'யாகத் தமிழ்நாட்டுக்கும் கப்பலேறியது. எங்கள் பூட்டன்மார் வந்த கடலை எதிர்த்திசையில் கடந்து, அங்கே நல்ல பெயரும் வாங்கியது. எங்களில் யாருக்கும் அப்படி வாய்க்கவில்லை.

செல்வாவுக்குத் தேயிலை இஸ்டோரில் வேலை. பகல் முழுக்கக் கொழுந்து உருட்டும் ரோலர் பக்கத்தில் நிற்பதால் அவன் மெதுவாகப் பேசியதே இல்லை. ரோலர் சுற்றும் சத்தம் சுத்தமான பைலாத் தாளம் என்பது அவன் கட்சி. டீமேக்கர் இல்லாத நேரம் அதற்கேற்ப இடுப்பையும் அசைப்பான். ஓர் ஏப்ரலில், புதுவருட லீவில், அவன் என் வீட்டு வாசலில் நின்று பக்கத்து லயத்துக்கும் கேட்கும்படி ரகசியம் சொன்னான்:

"மச்சான், நுவரெலியா சீசனுக்கு ஜிப்சீஸ் வருது. இந்தத் தடவை பஸ் கிடையாது. மாமாட எம்.டி. நைன்டிய கேட்டுட்டேன்."

எம்.டி. 90 என்பது ஹோண்டாக்காரன் செய்த சிவப்பு மோட்டார் சைக்கிள். தபால் கொடுப்பதற்கென்றே ஜப்பானில் பிறந்தது. கடிதங்களைச் சுமக்கப் பிறந்த வண்டியில் இரண்டு தடித்த ஆண்கள் ஏறினால் அது என்ன நினைக்கும் என்பதை ஹாலிஎல தாண்டியதுமே புரியவைத்தது. பதுளை கடல் மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர். நுவரெலியா 1,868 மீற்றர். இடையில் உள்ள ஏறத்தாழ 60 கிலோமீற்றரில் வண்டி எங்களைச் சுமந்தது பாதி, நாங்கள் வண்டிக்கு ஆறுதல் சொன்னது மீதி.

வெலிமடை வரைக்கும் பெரிய குறையில்லை. வயலும் உருளைக்கிழங்குப் பாத்திகளுமாகக் காற்றே பச்சையாக வீசும். கெப்பெட்டிபொல கழிந்து ஹக்கலை ஏற்றம் தொடங்கியதும் வண்டி மூச்சு வாங்கியது. பின்னால் இருப்பவன் இறங்கி நடக்க வேண்டும் என்று செல்வா சட்டம் போட்டான். பின்னால் இருந்தவன் நான். 1861இல் வெள்ளைக்காரன் சிங்கோனா மரம் வளர்க்கத் திறந்த ஹக்கலைத் தோட்டத்தின் வேலியோரம் நான் நடந்தேன். செல்வா முதல் கியரில், என் நடைக்குச் சரிசமமாக, 'குருமிட்டோ' பாடிக்கொண்டு வந்தான். அவன் பாடும் சிங்களம் சிங்களவருக்கும் புரியாது, நமக்கும் புரியாது. எதிரே வந்த கார்க்காரர்கள் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்கள்.

சீதாஎலிய அம்மன் கோவிலில் வண்டியை நிறுத்திக் கும்பிட்டோம். அசோகவனம் இதுதான் என்பது ஐதீகம். சீதை இங்கே நடுங்கியதற்குப் பிரிவையும் அரக்கியரையும் காரணம் காட்டுவார்கள். ஏப்ரல் மாதத்துச் சாயங்காலம் ஒன்றை அந்த ஓடைக்கரையில் அரைக்கைச் சட்டையோடு கழித்த எவனும் மூன்றாவதாக ஒரு காரணத்தையும் சேர்ப்பான்.

"இராவணன் புஷ்பக விமானத்துல வந்தான்டா," என்றேன் பல் கிட்ட.

"அதுவும் மேட்டுல எறங்கி நடக்கச் சொல்லியிருந்தா, அந்தம்மா அன்னைக்கே தப்பிச்சிருக்கும்," என்றான் செல்வா.

புறப்படும்போது செல்வாவின் அம்மா தன் கம்பளியை வண்டியில் கட்டிவிட்டிருந்தார். மழைக்கும் பனிக்கும் தலையில் போட்டு மலைக்குப் போகிற கம்பளி. கூடைக் கயிறு அழுத்திய இடத்தில் வழுவழுப்பு. மடிப்பைப் பிரித்தால் காய்ந்த கொழுந்து வாசம். "இதப் போட்டுக்கிட்டு ஷோவுக்கா? மானம் போயிரும்," என்று பசறையில் குதித்த செல்வாதான், நுவரெலியாவில் கிரகரி வாவிப் பக்கம் காற்று வீசத் தொடங்கியதும் அதன் பெரிய பாதியை இழுத்துக்கொண்டான். பக்கத்தில் கொழும்புக்காரர் ஒருவர், தோல் ஜாக்கெட்டுக்குள்ளும் நடுங்கியபடி, எங்கள் கம்பளியை வெகுநேரம் பார்த்தார். எங்கே வாங்கியது என்று சிங்களத்தில் கேட்டார்.

"கடையில கிடைக்காது மாத்தயா," என்று செல்வா பாதிச் சிங்களத்தில் விளக்கினான். "இருபது வருஷம் கொழுந்து எடுத்தாத்தான் இந்த நிறம் வரும்."

உள்ளூர்க் குழு பாடியது. உரை நடந்தது. வேனை எடுக்கச் சொன்னார்கள். டிரம்ஸை இறக்கினார்கள். பழக்க தோஷத்தில் எங்கள் இருவர் காலும் பஸ் நிலையத்தின் பக்கம் திரும்பியது. பிறகுதான் வண்டி இருப்பது நினைவுக்கு வந்தது.

நள்ளிரவு கடந்து சுனில் பெரேரா மேடைக்கு வந்தார். பஸ் டீவியில் சாரதியின் சாமிப்படங்களுக்கும் ஊதுபத்திக்கும் இடையில் உள்ளங்கை அளவு தெரிந்த மனிதர், முழு உருவத்தில் நின்றார். பாட்டுக்குப் பாட்டு அரசியல்வாதிகளை வாரிவிட்டார். அரசியல்வாதிகளின் ஆட்களே விழுந்து விழுந்து சிரித்தார்கள். நொன்ஸ்டொப் தொடங்கியதும் யார் எந்த ஊர், எந்த இனம், யார் துரை, யார் கங்காணி என்ற பேச்சில்லை. எல்லாருக்கும் ஒரே இடுப்பு. கம்பளிக்குள் இரண்டு பேர் ஒரே தாளத்துக்கு ஆடுவது தனிக் கலை. செல்வா இடது பக்கம் போனால் நானும் போயாக வேண்டும். கொழும்புக்காரர் கடைசியில் மூன்றாவது ஆளாக உள்ளே வந்துவிட்டார். பிறகு, 2021 செப்டம்பர் 6ஆம் திகதி, 68 வயதில் சுனில் பெரேரா காலமான செய்தி வந்தபோது, செல்வா போனில் வழக்கம்போலக் கத்தவில்லை. "நல்லவேளை மச்சான், மாமா வண்டியக் கொடுத்தாரு," என்று மட்டும் சொன்னான்.

திரும்பும் வழி பெரும்பாலும் இறக்கம். பெற்றோலை மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்துவிட்டு ஹக்கலையிலிருந்து வெலிமடை வரை உருண்டோம். வண்டி அன்றைக்குத்தான் எங்களை மன்னித்தது. தோட்டத்துக்குள் நுழையும்போது பெரட்டுக்கு ஆட்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். லீவு முடிந்து வேலை தொடங்கும் நாள். செல்வாவின் அம்மா வாசலில் நின்றார். எங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. முதலில் கம்பளியை வாங்கி உதறினார். பிறகு கேட்டார்:

"அப்படி என்னாடா பாடினான்?"

செல்வா 'லுணு தெஹி'யை ஆட்டத்தோடு பாடிக் காட்டினான். லயமே வெளியே வந்தது.

"இந்தப் பாட்டுக்காடா ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சீங்க? பசறை பஸ்ஸுல சும்மாவே போடுறானே!"

"பஸ்ஸுல என்னைக்கும்மா முழுசாக் கேட்டோம்?" என்றான் செல்வா. "பாதிப் பாட்டுலயே நம்ம எறங்குற எடம் வந்துருதே."