தாங்கும் காலம்: மோட்டார் சைக்கிள் டயர் மாற்றம் குறித்து

நெடுந்தூரம் போகும் மோட்டார் சைக்கிளின் டயரை எப்போது மாற்றுவது என்பதற்கு வழக்கில் இரண்டு அளவைகள் உள்ளன. ஒன்று மில்லிமீட்டர். மற்றொன்று ‘தாங்கும்’ என்ற சொல். முன்னது விதிப் புத்தகத்தில் இருக்கிறது, பின்னது வாயில் இருக்கிறது. இரண்டும் நேருக்கு நேர் சந்திக்கும் இடங்களுள் பாலாறு தலையாயது.

இது வேலூர்ப் பாலாறு அன்று. மேட்டூரிலிருந்து கொளத்தூர், கோவிந்தப்பாடி வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையில், தமிழ்நாடு முடிந்து கர்நாடகம் தொடங்கும் இடம். முன்பு மைசூர் மாவட்டத்தில் இருந்தது. 1997 முதல் சாமராஜநகர் மாவட்டம். இதற்கு அப்பால் காடு, ஏற்றம், கொண்டை ஊசி வளைவுகள். அமாவாசை தோறும் சேலம், தருமபுரி, ஈரோட்டுப் பக்கத்து வண்டிகள் இவ்வழியே மலையேறுகின்றன. சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தும்போதுதான் பலரும் முதன்முறையாகக் குனிந்து பின் டயரைப் பார்க்கிறார்கள். வீரப்பன் நடமாடிய காலத்தில் இங்கே நின்றவர்களுக்கு வேறு கவலைகள் இருந்தமையால், அக்காலத்து டயர்களின் நிலை பற்றிய ஆவணம் எதுவும் எஞ்சவில்லை.

குனிந்தவர் நிமிர்ந்ததும் சொல்வது ‘தாங்கும்’. இலக்கண நோக்கில் இது எதிர்காலம் காட்டும் வினைமுற்று. தோன்றா எழுவாய் கொண்டது. எது தாங்கும், எதைத் தாங்கும், எந்த ஊர் வரை தாங்கும் என்பன வாக்கியத்துக்குள் இல்லை. ஆயினும் அளவை என்ற முறையில் இதற்குத் துல்லியம் உண்டு. வெறும் ‘தாங்கும்’ என்றால் பட்டன் எனப்படும் மேற்புற ரப்பர்க் கட்டிகள் பாதி மிச்சம். ‘தாராளமாத் தாங்கும்’ என்றால் பட்டன் இருந்த இடம் மட்டும் மிச்சம். ‘போயிட்டு வந்து மாத்திக்கலாம்’ என்றால் நூல் தெரிகிறது. ‘மாதேஸ்வரன் பாத்துக்குவாரு’ என்பது அளவைகளின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

விதிப் புத்தகத்தின் அளவை இதைவிட எளியது. இருசக்கர வாகன டயரில் பள்ளத்தின் ஆழம் 0.8 மி.மீ.க்குக் குறையக் கூடாது. அதைக் காட்டுவதற்கென்றே பள்ளங்களின் அடியில் சிறு மேடுகள் வார்க்கப்பட்டிருக்கும். பாலாற்றை ஒட்டி விரியும் மேட்டூர் நீர்த்தேக்கத்திலும் இதே ஏற்பாடு உண்டு: 1934இல் கட்டி முடிந்த அணையில் மூழ்கிய பண்ணவாடிக் கோயில் நந்தி, நீர் இறங்கும்போது தலைகாட்டும். நந்தி தெரிந்தால் டெல்டா விவசாயி கவலைப்படுகிறார். டயரில் மேடு தெரிந்தால் கவலைப்படுவோர் குறைவு.

மீதி ஓட்டத்தைக் கணிக்க இரண்டு கழித்தலும் ஒரு வகுத்தலும் ஒரு பெருக்கலும் போதும். புதிதில் 8 மி.மீ. இருந்த பின் டயர் 10,000 கி.மீ.க்குப் பின் 3 மி.மீ. ஆனால், ஒரு மில்லிமீட்டருக்கு 2,000 கி.மீ. சட்டப்படி மீதி 2.2 மி.மீ.; அதாவது 4,400 கி.மீ. கன்னியாகுமரியிலிருந்து லே சுமார் 4,000 கி.மீ. ஆகவே இந்த டயர் லே வரை போகும். ஓட்டுபவர் அங்கேயே வாடகைக்கு வீடு பார்க்க வேண்டும். சுமை, வெயில், காற்றுக் குறைவு ஆகியவற்றைச் சேர்த்தால் அதற்கு முன்பே, வழியில் ஏதேனும் ஓர் ஊரில் பார்க்க நேரும். அந்த ஊர்க் கடையில் தேவையான அளவு டயர் இருக்காது என்பது இத்துறையின் நிலைபெற்ற விதி. வண்டி நாட்டில் அபூர்வமாக ஆக ஆக இவ்விதி உறுதிப்படுகிறது. முன்னுக்கும் பின்னுக்கும் 80/100-18 போட்டுக்கொண்டு திரியும் ஸ்ப்ளெண்டர்க்காரருக்கு இது பொருந்தாது. ஹிமாலயன் 411இல் போகிறவர் முன்னுக்கு 21 அங்குலம், பின்னுக்கு 17 அங்குலம் என்று இரண்டு கவலைகளைச் சுமக்கிறார். இந்தியப் புல்லட்டும் எம்.ஆர்.எஃப். டயரும் திருவொற்றியூரில் பிறந்த ஓர் ஊர்க்காரர்களாக இருந்தும் ஒன்றாக முதுமையடைந்ததில்லை.

ஆழம் இருந்தாலும் வயதைப் பார்க்க வேண்டும். பக்கச்சுவரில் பொறித்த நான்கு இலக்கங்கள் டயரின் ஜாதகம்: 3523 என்றால் 2023ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கும் குடும்பங்களில் இந்த நான்கு எண்களைப் பார்த்தவர் அரிது. அருகிலேயே சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருந்தால், பஞ்சர் கடையில் மாட்டி முடிக்கும் வரை கண்ணை எடுக்காமல் இருப்பது நல்லது.

எங்கே மாற்றுவது என்பதில்தான் அறிஞர்களே சறுக்குகிறார்கள். மலைக்கு முந்திய பெரிய ஊர் மேட்டூர் என்பதால் அங்கே மாற்றிக்கொண்டு நேரே ஏறுவது சரி என்று தோன்றும். ஆனால் புது டயரின் மேல் அச்சிலிருந்து பிரித்தெடுக்கத் தடவிய பொருளின் வழவழப்பு இருக்கும். அது போக முதல் 100, 150 கி.மீ. நிதானமாக ஓட்ட வேண்டும். மேட்டூரில் மாட்டிய டயர், பாலாறு தாண்டி முதல் கொண்டை ஊசியில் படுக்கும்போது இன்னும் வழுக்கிக்கொண்டிருக்கும். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு, சொந்த ஊரில், கடன் சொல்லக்கூடிய கடையில் மாற்றுவதே முறை.

கழற்றிய டயரைக் கடையில் விட்டுவரலாம். பெரும்பாலோர் விடுவதில்லை. ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று அது பின் சீட்டில் கயிறு போட்டுக் கட்டப்பட்டு, புது டயரின் மேல் பாரமாக உட்கார்ந்து பாலாற்றைக் கடந்து மலையேறுகிறது.