மருமவன் ஆபீசருக்கு மாமன் சொல்லும் டெண்டர் சூத்திரம்

வால மருமவனே, அந்தக் கயித்துக் கட்டில்ல இரி. உன்னை கலெக்டர் ஆபீசுல பேரிடர் பிரிவுக்கு மாத்திட்டாங்கன்னு உங்க அம்மை போன்ல சொன்னா. மாவட்டம் முழுக்க வயர்லெஸ் செட்டு, ரிப்பீட்டர், கடக்கரையோரம் சைரன் எல்லாம் புதுசா வாங்கணும், அந்தக் கோப்பு உன் மேசைக்கு வந்திருக்காம்லா. நானும் இந்த ஏரல் பக்கத்துல தலையாரியா இருந்து பல தாசில்தாரைப் பாத்தவன். நான் சொல்லுதபடி கேளு, உனக்கு ஒரு குறையும் வராது. ஊருக்கு வரலாம், அது வேற விசயம்.

இப்ப சித்திரை. கோப்பைத் தொடவே தொடாத. டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம்னு 1998-ல ஒண்ணு போட்டு, 2000-ல அதுக்கு விதியும் எழுதி வச்சிருக்காங்க. ரெண்டு கோடி வரைக்கும் உள்ள வேலைன்னா 15 நாள், அதுக்கு மேல போனா 30 நாள், கம்பெனிக்காரன் விலை போடுததுக்கு அவகாசம் குடுக்கணும். குறைக்கணும்னா மேல உள்ள அதிகாரி காரணத்தை எழுத்துல வைக்கணும். சித்திரையில ஆரம்பிச்சா இந்த 30 நாளும் சுளுவாப் போயிரும், செட்டும் ஆவணிக்குள்ள வந்து இறங்கிரும். அப்புறம் உன்னை யாரு தேடுவா? அதனால ஐப்பசி அடைமழை வரட்டும். வந்ததும், "ஐயோ, சட்டம் 30 நாள் கேக்குதே, நான் என்ன செய்ய"ன்னு மூக்கைச் சிந்து. ஆறு மாசம் தூங்கின கோப்புக்கு ஒரு மாசக் கெடுவைக் குத்தம் சொன்னா ஒருத்தனும் கணக்குக் கேக்க மாட்டான்.

அதோட விட்டிராத. 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்துல 50-ஆவது பிரிவுன்னு ஒரு சொர்க்கவாசல் இருக்கு, படிச்சியா? ஆபத்து நெருங்கி, மீட்புக்கும் நிவாரணத்துக்கும் சாமான் உடனே வேணும்னா, டெண்டர் முறையே தள்ளுபடி ஆனதா வச்சுக்கிடலாம். அதிகாரி எழுதிக் குடுக்க சான்றே கணக்குக்கு ரசீது. அரிசி, தார்ப்பாய், படகு, ரொட்டி வாங்குததுக்கு நல்ல மனசோட எழுதின பிரிவு. கழுத்தளவு தண்ணியில நிக்கவங்கிட்டப் போயி மூணு கொட்டேஷன் கேக்க முடியுமா? ஆனா உன்னைப் போல கெட்டிக்காரன் அந்த வாசல்ல கோடிக்கணக்கான வயர்லெஸ் செட்டையே ஓட்டிட்டுப் போயிரலாம்.

ஒரே ஒரு சிக்கல்தான். தார்ப்பாயை வாங்கினா அன்னைக்கே விரிக்கலாம். வயர்லெஸ் அப்படியா? அலைவரிசையை டெல்லியில தொலைத்தொடர்புத் துறைக்காரங்க ஒதுக்கிக் குடுக்கணும். டவர் எங்கன நிக்கணும்னு மேடு பாக்கணும், பள்ளம் பாக்கணும், ரிப்பீட்டர் வைக்கணும், வி.ஏ.ஓ.வுக்கு எந்தப் பொத்தானை அமுக்கணும்னு சொல்லிக்குடுக்கணும். வெள்ளத்தன்னைக்கு வாங்குத செட்டு அடுத்த வெள்ளத்துக்குத்தான் பேசும். அதுவும் பேட்டரி இருந்தா. பணம் மட்டும் இந்த வெள்ளத்துலயே போயிரும்.

2023 டிசம்பர் 17, 18 ஞாபகம் இருக்கா? காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டிச்சுல்லா. ஒரு வருசத்து மழை! தாமிரவரணி கரை தெரியாம ஓடுனா. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல செந்தூர் எக்ஸ்பிரஸ் நட்ட நடுவுல நின்னுபோச்சு, நூத்துக்கணக்கான சனம் உள்ள. கரண்டும் இல்ல, செல்லுல சிக்னலும் இல்ல. எங்க ஏரலைச் சுத்தி நாலு பக்கமும் தண்ணி. மெட்ராஸ்ல இருக்க மவனுக்கு "இருக்கேன்"னு ஒரு வார்த்தை சொல்ல வழியில்ல. அப்பத்தான் நான் நினைச்சேன்: நம்ம ஆபீசுல கோப்பு எவ்வளவு பத்திரமா, நனையாம இருக்கும்னு.

அந்தக் காலத்துல ஆத்துல தண்ணி வருதுன்னா தமுக்குத்தான். அதுக்கு டெண்டரும் கிடையாது, சிக்னலும் வேண்டாம். அடிக்கவனுக்குச் சரியான கூலியும் கிடையாதுங்கது வேற, அந்த வேலையை ஒரு தெரு ஆளுக தலையிலயே கட்டி வச்சது எங்க தலைமுறை செஞ்ச அநியாயம். தண்டோரா வேண்டாம்னு 2022-ல தலைமைச் செயலாளர் கடிதம் போட்டாரு, சரியான காரியம். நிறுத்தினது சரி. அந்த இடத்துக்கு வரவேண்டியது உன் மேசையில தூங்குது, அதுதான் எனக்குக் கேள்வி.

சரி, மேலிடத்து நெருக்கடி தாங்காம டெண்டர் விட்டுத்தான் ஆகணும்னு வந்துட்டா, அதுக்கும் வழி சொல்லுதேன். சாமான் எப்படி இருக்கணும்னு எழுதுத பக்கம் இருக்கு பாரு, அங்கதான் கை வைக்கணும். விதியில பிராண்டு பேரைத் தவிர்க்கணும், தவிர்க்க முடியலன்னா "அல்லது அதற்கு இணையான"ன்னு சேக்கணும்னு போட்டிருக்கு. பேரை எதுக்கு எழுதணும்? கம்பெனிக்காரன் குடுத்த நோட்டீசைப் பாத்து எடை இத்தனை கிராம், ஏரியல் இத்தனை அங்குலம், முன்னால இத்தனை வருசம் இத்தனை கோடிக்கு வித்திருக்கணும்னு வரிவரியா எழுதிரு. மாப்பிள்ளையை முடிவு பண்ணிட்டு அவன் மச்சத்தைப் பாத்து வரன் விளம்பரம் குடுத்த கதைதான். ஒருத்தன்தான் வருவான். "போட்டி குறைவு"ன்னு குறிப்பெழுதிட்டு அவங்கிட்டயே வாங்கிரலாம்.

ஆனா சூதானமா இரி. நம்ம தமிழ்நாட்டு 12,524 பஞ்சாயத்துக்கும் கண்ணாடி இழை இழுக்க பாரத்நெட்டுன்னு ஏறக்குறைய 1,950 கோடிக்கு டெண்டர் விட்டாங்கல்லா. நிபந்தனை எல்லாம் போட்டியை மறிக்குதுன்னு அறப்போர் இயக்கத்துக்காரங்க புகார் குடுத்தாங்க. 2020 ஜூன்ல மத்திய அரசு அதை ரத்து பண்ணி, நிபந்தனையைத் திருத்தி மறுபடி விடச் சொல்லிட்டு. அம்புட்டு பெரிய வேலையே முதல் படிக்குத் திரும்பிச்சு. குறுக்குச் சந்துல போனவனுக்குத்தான் தூரம் கூடுதல்னு அன்னைக்குத் தெரிஞ்சுது. போட்டியில தோத்தவனும் சும்மா இருக்க மாட்டான், 10 நாளைக்குள்ள அரசாங்கத்துக்கு அப்பீல் போலாம்.

ஒரு கம்பெனிக்கு அளவெடுத்துத் தச்சதுல இன்னொரு லாபமும் உண்டு. போலீஸ் வாங்கின செட்டு ஒரு சாதி, தீயணைப்புக்காரன் வச்சிருக்கது ஒரு சாதி, உன் வருவாய்த் துறை செட்டு மூணாவது சாதின்னு ஆயிரும். ஒண்ணு பேசுனா மத்ததுக்குக் கேக்காது. வெள்ளத்துல மூணு இலாகாவும் ஒரே பாலத்துல நின்னு கையைக் கையை ஆட்டிக்கிடலாம். பொதுத் தரத்துல இருக்கணும், மத்த கம்பெனி செட்டோடவும் பேசணும்னு ஒரு வரி எழுதினா தீந்துபோகும். அதனாலதான் எழுத மாட்டாங்க.

அப்புறம் விலை. உள்ளதுல குறைஞ்ச விலைக்காரனுக்குத்தான் குடுக்கணும், பேரமும் அவங்கிட்ட மட்டுந்தான் பேசலாம். சட்டம் சரியாத்தான் சொல்லுது. எதை வச்சு விலையை ஒப்பிடுவேன்னு டெண்டர்லயே முன்கூட்டி எழுதிட்டா, அஞ்சு வருசப் பராமரிப்பு, மாத்துப் பேட்டரி, டீசல் எல்லாத்தையும் கூட்டிப் பாக்கலாம். நீ எழுதாத. செட்டு விலை மட்டும் பாரு. ரெண்டாம் வருசம் பேட்டரி உப்பும், உதிரிக்கு அவன் சொன்னதுதான் விலை, ஆடிட்காரன் வரும்போது நீ வேற மாவட்டத்துல இருப்ப.

தாமதத்தோட விலையையும் கேளு. 2017-ல ஒக்கிப் புயல் அடிச்சப்போ கன்னியாகுமரிப் பக்கத்துப் பிள்ளைக ஆழ்கடல்ல கிடந்தாங்க. புயலுன்னு சொல்லுததுக்கு கரையில இருந்து ஒரு சத்தம் எட்டல. எத்தனை வீட்ல இன்னும் படத்துக்கு மாலை போட்டிருக்கு. படகுக்கு எல்லாம் சேதி அனுப்புத டிரான்ஸ்பாண்டர் குடுப்போம்னு நாடு முழுக்க ஒரு லட்சம் படகுக்கு 364 கோடியில திட்டம் தொடங்கினது 2024-ல. நடுவுல ஏழு வருசம். இந்த ஏழு வருசத்துல சட்டம் கேட்ட 30 நாள் எத்தனை தடவை வந்து போயிருக்கும்னு நீயே கணக்குப் போடு, நீதான் பி.ஈ. படிச்சவன்.

என்னல முழிக்க? கிண்டல் பண்ணுதேன்னு இப்பத்தான் விளங்குதா? காப்பியைக் குடி. குடிச்சிட்டு நேராப் போயி, போலீசையும் தீயணைப்பையும் மீன்துறையையும் ஒரு மேசையில உக்கார வச்சு அந்தச் சாமான் பட்டியலை எழுது. வைகாசிக்குள்ள டெண்டரை விடு, முழுசா 30 நாளும் குடு, டெல்லிக்கு அலைவரிசை மனுவையும் அன்னைக்கே அனுப்பு. ஐப்பசியில நீ இங்க வரும்போது எனக்குப் பழம், மிச்சர் ஒண்ணும் வேண்டாம். ஏரல் ஆபீசுல இருக்க செட்டைத் தூக்கி தூத்துக்குடிக்கு ஒரு வார்த்தை பேசிக் காட்டிட்டு வா, போதும்.