வடிகட்டியைக் கழற்றினால் குதிரை கூடும்

வண்டி வாங்கி வருஷம் திரும்பவில்லை, அதற்குள் தம்பிகளுக்கு வேகம் பற்றவில்லை. டர்போ பெட்ரோல் எஞ்சின், நூற்றுச் சொச்சம் குதிரைத் திறன், ஆறு கியர் என்று கம்பெனிக்காரன் பார்த்துப் பார்த்துச் செய்து கொடுத்திருக்கிறான். இருந்தும் மனசு ஆறவில்லை. ஈசியூவை ரீமேப் பண்ணினால் எத்தனை ஏறும்? ஏர் ஃபில்டரைத் திறந்தமாதிரி போடலாமா? 'ஸ்டேஜ் ஒன்'னோடு நிறுத்தலாமா, டவுன்பைப்பை மாற்றி 'ஸ்டேஜ் டூ' போய்விடலாமா? கோயம்புத்தூரா, பெங்களூரா? வேலூர் கிரீன் சர்க்கிள் டீக்கடையில் ஆரம்பித்து வாணியம்பாடி டோல்கேட் வரை இதே ஆலோசனைதான்.

எனக்கு இதில் ஒரே ஒரு மனத்தாங்கல். ஆம்பூர்ப் பிள்ளையும் பேர்ணாம்பட்டுப் பிள்ளையும் ராணிப்பேட்டைப் பிள்ளையும் இந்த வித்தைக்குப் போய் வெளியூரில் குரு தேடுவதா? ஒரு இயந்திரத்திலிருந்து கூடுதலாக எப்படிக் கறப்பது, குறுக்கே நிற்கும் வடிகட்டியை எப்படிக் கழற்றுவது, சோதனைக்கு வருகிறவர் முன்னால் எப்படிச் சாதுவாக நிற்பது என்பதிலெல்லாம் கரைகண்ட ஆசான்கள் உள்ளூரிலேயே இருக்கிறார்கள். டைனோ மெஷின்கூட வைத்துக்கொள்ளாமல் சாதித்தவர்கள். அவர்களை விட்டுவிட்டு பெங்களூருக்கு டோல் கட்டிப் போவது அநியாயம்.

எஞ்சின் அப்கிரேட் என்பதை இந்தச் சீமை எப்போதோ பார்த்துவிட்டது தம்பி. ஒரு காலத்தில் இங்கே தோலை ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பதனிட்டார்கள். வாரக்கணக்கில் ஆகும். 1970-களில் மத்திய அரசு, பாதி பதனிட்ட தோலை அனுப்பியது போதும், முழுக்க முடித்த சரக்காக அனுப்பு என்று ஏற்றுமதிக் கொள்கையைத் திருப்பியது. குரோமியம் பரவியது. வாரக்கணக்கு வேலை நாள்கணக்கில் முடிந்தது. டார்க்கும் ஏறியது, டாலரும் ஏறியது. இந்த முறையில் சுமார் 170 வகை ரசாயனங்கள் புழங்குகின்றன, ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று உச்ச நீதிமன்றமே பின்னால் எழுதி வைத்தது. எஞ்சினைப் பெரிதாக்கியவர்கள் எக்ஸாஸ்ட் எங்கே போகும் என்று யோசிக்கவில்லை. யோசிக்கவில்லை என்பதுகூடத் தப்பு. பாலாறு பக்கத்திலேயே இருந்தது.

சரி, நீ உயிரை விடும் விஷயத்துக்கு வருகிறேன். 'கேட் டெலீட்.' உன் வண்டியின் புகைக்குழாயில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. உள்ளே சன்னச் சன்னத் துளைகளோடு ஒரு பீங்கான் கட்டி, அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. எஞ்சின் துப்புகிற கார்பன் மோனாக்சைடையும் நைட்ரஜன் ஆக்சைடையும் எரியாத பெட்ரோலையும் பிடித்து, மனிதன் மூச்சுவிடத் தாங்குகிற வாயுவாக மாற்றி அனுப்புவது அதன் வேலை. ஆனால் குழாயில் எதை வைத்தாலும் காற்றுக்குக் கொஞ்சம் தடைதானே? அதைத் தூக்கிவிட்டு நேர்க்குழாய் வைத்தால் டர்போ சீக்கிரம் சுழலும், சில குதிரைகள் கூடும், ஆக்சிலேட்டரை விடும்போது துப்பாக்கி சுட்டமாதிரி படபடவென்று சத்தம் வரும். குதிரை உனக்கு. புகை, பின்னால் டிவிஎஸ் எக்ஸெல்லில் கீரைக்கட்டோடு வருகிறவருக்கு.

இந்தக் கணக்கு உனக்குப் புதிதாகத் தெரிகிறதா? தோல் பதனிடும் டேனரியின் கழிவுநீரைச் சுத்திகரிக்க ரிவர்ஸ் ஆஸ்மாசிஸ் வேண்டும், அதற்கப்புறம் எவாப்பரேட்டர் வேண்டும், இரண்டும் கரண்டை விழுங்கும். எல்லாம் முடிந்த பிறகு கையில் உப்பு மிஞ்சும், அதைக் கொட்ட இடமிருக்காது. இத்தனை தடை எதற்கு? ஒரு வால்வைத் திருப்பினால் நேர்க்குழாய். லாபம் உள்ளே நிற்கும், கழிவு ஆற்றோடு போகும். மழை பிடித்துக்கொண்டால் டேனரிக்காரர்களுக்குக் கொண்டாட்டம் என்று ஆற்றோரத்து ஊர்க்காரர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். வெள்ளம் வருகிற இரவில் எது மழைத்தண்ணீர், எது தொட்டித்தண்ணீர் என்று யார் பிரித்துப் பார்ப்பது? விடிந்தால் மாராப்பட்டுப் பக்கம் பாலாற்றில் நுரை ஆளுயரத்துக்குத் திரண்டு நிற்கும். அதிகாரிகள் பாட்டிலில் மாதிரி எடுப்பார்கள். டிவிக்காரர்கள் படம் எடுப்பார்கள். நுரை அடங்கும். இதுதான் நம் ஊர் 'ஸ்டேஜ் டூ'.

எல்லாரையும் ஒரே தொட்டியில் முக்கி எடுக்க எனக்கு ஆசையில்லை. கரண்ட் பில்லைக் கட்டி, கடைசிச் சொட்டு வரைக்கும் சுத்திகரிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைக்கும் பரிசு என்ன? வால்வைத் திருப்பிய பக்கத்துக் கட்டிடத்துக்காரன் சரக்கைச் சதுர அடிக்கு இரண்டு ரூபாய் குறைத்துக் கொடுப்பான், ஆர்டர் அவனுக்குப் போகும். கம்பெனி ஃபிட்டிங்கோடு ஒழுங்காக ஓட்டுகிறவனை நீ ஹைவேயில் ஹாரனடித்து ஓரம் கட்டுகிறாயே, அதே மரியாதை.

கேட்டை எடுத்ததும் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். குழாயின் அந்தப் பக்கம் இருக்கிற ஆக்சிஜன் சென்சார் காட்டிக்கொடுத்துவிடும். பதறாதே, அதற்கும் பட்டறையில் மருந்து உண்டு. சென்சாருக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு சின்னத் துண்டு வைத்து அதன் மூக்கைப் பொத்தலாம். இல்லாவிட்டால் சாஃப்ட்வேரிலேயே அந்த விளக்கைச் செத்துப்போகச் சொல்லலாம். கேட் இல்லாத குறை அப்படியேதான் இருக்கும், விளக்குதான் எரியாது.

நம் ஊரிலும் விளக்கு எரிந்தது. கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறியது, தென்னை காய்ப்பை நிறுத்தியது, நெல் போட்ட நிலத்தில் உப்புப் பூத்தது. தோல் மண்டலத்தில் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு லாயக்கில்லாமல் போனதைத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆய்வு சொல்லியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவனே காசு கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை இந்திய நாட்டின் சட்டம் என்று நிலைநாட்டிய தீர்ப்பு அது. சட்டக் கல்லூரியில் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிற எந்த மாணவரும் வேலூர் என்ற பெயரைத் தாண்டாமல் பரீட்சை எழுத முடியாது. எங்கள் தண்ணீரைக் குடிக்க முடியாது, எங்கள் வழக்கைப் படிக்கலாம். 2006-இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகிலேயே மாசுபட்ட பத்து இடங்கள் என்று பட்டியல் போட்டபோது, செர்னோபிலோடு ராணிப்பேட்டையும் அதில் இருந்தது. கிரிக்கெட்டில் முதல் பத்துக்குள் வந்திருந்தால் பேருந்து நிலையத்தில் கட்அவுட் வைத்திருப்பார்கள்.

சென்சாரை ஏமாற்றுவதைச் சில்லறைப் புத்தி என்று நினைத்துக் கூச்சப்படாதே. உலகத்தரமான வேலை அது. 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகன் மாட்டியது. சோதனைக்கூடத்தில் நிற்கிறோம் என்று வண்டியே தெரிந்துகொண்டு ஒழுங்காக மூச்சுவிடும், ரோட்டுக்கு வந்ததும் பூட்டை அவிழ்த்துவிடும். அப்படி ஒரு சாஃப்ட்வேரை உலகம் முழுக்கச் சுமார் 1 கோடியே 10 லட்சம் டீசல் கார்களில் ஏற்றியிருந்தார்கள். அமெரிக்க அளவுகோலைவிட 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடு. ஜெர்மன்காரன் இதற்கு எத்தனை எஞ்சினியர்களை உட்கார வைத்து மண்டையை உடைத்துக்கொண்டானோ! இன்ஸ்பெக்‌ஷன் ஜீப் வரும் நாளில் மட்டும் சுத்திகரிப்பு நிலையத்தின் எல்லா மோட்டாரும் ஓடுகிற அதிசயத்தை ஒரு நடை வந்து பார்த்திருந்தால், எதற்கு அந்தச் செலவு?

உன் புகைச் சான்றிதழுக்கும் கவலைப்படாதே. பெட்ரோல் வண்டியை நிறுத்தி வைத்து, குழாயில் குச்சியைச் செருகி, கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் பார்ப்பார்கள். நைட்ரஜன் ஆக்சைடைக் கேட்கவே மாட்டார்கள். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறவன் முட்டாள்.

ஆனால் ஒன்றைச் சொல்லாவிட்டால் நான் நல்ல ஆலோசகன் இல்லை. நீ சின்ன ஆள், உன்னைப் பிடிப்பார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த வண்டியை உன் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதையே அழுத்திச் சொன்னது. அதே வருஷத் திருத்தத்தில் 182ஏ பிரிவு வந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய், அல்லது ஆறு மாதம் வரை உள்ளே. சத்தத்துக்கும் புகைக்கும் 190-ஆவது பிரிவு தனி: முதல் தடவைக்கு 10,000 ரூபாய் வரை, மூன்று மாதத்துக்கு லைசென்ஸும் கிடையாது. பிடித்த சைலன்சர்களை நடுரோட்டில் வரிசையாக அடுக்கி, ரோடு ரோலர் ஏற்றி நசுக்கி, பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுப் படமும் எடுப்பார்கள்.

அந்தப் பத்தாயிரத்தை நினைவில் வைத்துக்கொள். 1996 தீர்ப்பில் ஐந்து மாவட்டங்களின் டேனரிகளுக்கு உச்ச நீதிமன்றம் விதித்த மாசு அபராதமும் ஒரு டேனரிக்கு 10,000 ரூபாய்தான். ஒரு ஆற்றைக் கெடுத்ததற்கு அன்றைக்கு என்ன ரேட்டோ, இன்றைக்குக் கிரீன் சர்க்கிளில் படபடவென்று சத்தம் போடுவதற்கு அதே ரேட். விலைவாசி எவ்வளவு ஏறியும் பாவத்தின் விலை மட்டும் ஏறவில்லை பார். ரோடு ரோலரும் ஒரு வால்வின் மேலும் ஏறியதாக நான் படம் பார்க்கவில்லை.

நீ ஓட்டுகிற இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை ஏலகிரிக்குப் போகிறீர்கள். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள், புலவர்கள் பெயரும் வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். அதில் பாரிக்கும் ஒன்று. படர வழியில்லாமல் தவித்த முல்லைக்குத் தன் தேரையே நிறுத்திவிட்டு இறங்கி நடந்தவன். அவன் பெயர் போட்ட வளைவில் நீ டயரைத் தேய்த்துப் புகை கிளப்பி, செல்போனில் படம் பிடிக்கிறாய். சாயங்காலம் ஷிஃப்ட் விடும் நேரத்தில் ஆம்பூர் ஹைவேயோரம் ஷூ கம்பெனிப் பெண்கள் சாப்பாட்டுத் தூக்கோடு கூட்டம் கூட்டமாக ரோட்டைத் தாண்ட நிற்பார்கள். உன் 'ஸ்டேஜ் டூ'வின் பிரேக் இன்னும் கம்பெனி பிரேக்தானே? குதிரையைக் கூட்டினவர்களில் பிரேக்கைக் கூட்டினவன் எத்தனை பேர் என்று கேட்டால் பட்டறைக்காரர் சிரிக்கிறார். வேகம் உண்மையிலேயே வேண்டுமென்றால் இதே சாலையில் சென்னைப் பக்கம் போனால் இருங்காட்டுக்கோட்டையில் 1990-லிருந்து ரேஸ் டிராக் இருக்கிறது. அங்கே ஹெல்மெட் கேட்பார்கள், வண்டியைச் சோதிப்பார்கள், நேரத்தை அளந்து நீ மெதுவான ஆள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். அதனால்தான் நீ போவதில்லை.

அடுத்ததைக் கேலியாகச் சொல்ல எனக்கு நா வரவில்லை. 2015 ஜனவரி 31, விடிவதற்கு முன். ராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச் சேற்றுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்து டேனரியில் வேலை முடித்துப் படுத்திருந்தவர்கள் மேல் அந்தச் சேறு பாய்ந்தது. 10 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தோலிலிருந்து வழித்தெடுத்த அழுக்கும் ரசாயனமும் தூக்கத்திலேயே அவர்கள் வாயில் மூக்கில் ஏறியது. ஆற்றுக்குப் போகக்கூடாது என்று தடுத்து நிறுத்தியதைக் கொட்ட இடமில்லாமல், தொட்டிக்குள் ஏற்றி ஏற்றி வைத்திருந்தார்கள். தாங்குகிறவரை தாங்கட்டும் என்பது பட்டறையில் எஞ்சினுக்குச் சொல்கிற வாசகம். எஞ்சின் வெடித்தால் புதிது போடலாம்.

இனி, மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பது. அபராதத்தை அங்கேயே கட்டிவிடாதே தம்பி, அது ஏழை புத்தி. ஆசான்கள் வழியில் போ. 1996 தீர்ப்பின்படி அமைந்த ஆணையம் பாதிக்கப்பட்டவர்கள் என்று 29,193 பேரைக் கணக்கெடுத்து, 547 டேனரிகள் சேர்ந்து சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2001-இல் சொன்னது. வகுத்துப் பார், ஆளுக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம். நீ போடப்போகும் டவுன்பைப்பின் விலைக்குக்கூடக் காணாது. 1991 முதல் 1998 வரை நிலமும் கிணறும் போனதற்கான மொத்தக் கணக்கு அது. அதற்கும் வாய்தா, மேல்முறையீடு, மறுபடி வாய்தா. 2025 ஜனவரி 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு மீண்டும் உத்தரவு போட்டது: பாக்கி இழப்பீட்டை அரசு முதலில் கொடுத்துவிட்டு, கெடுத்தவர்களிடம் வசூலிக்கட்டும்; ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஒரு குழு அமையட்டும்.

1991-க்கும் 2025-க்கும் நடுவில் முப்பத்து நான்கு வருஷம். உனக்கு இப்போது இருபத்திரண்டு. கேட்டைக் கழற்று, பிடித்தால் கோர்ட்டுக்குப் போ, நிபுணர் குழு கேள், குழுவின் அறிக்கைக்கு ஆட்சேபம் போடு. ஐம்பத்தாறு வயதில் தீர்ப்பு வரும்போது வண்டி காயலான் கடைக்குப் போய்த் தகரமாகியிருக்கும். அபராதத்தை அரசு முதலில் கட்டிவிட்டு உன்னிடம் அப்புறம் வசூலிக்கும்.