61ஆம் நாளில் மறந்துபோகும் வித்தை: ஓர் ஆராய்ச்சி

நீச்சலும் சைக்கிளும் ஒருமுறை படிந்துவிட்டால் சாகும்வரை மறக்காது என்பது உலக வழக்கு. கார் ஓட்டுவதும் அந்த வகைதான் என்று பாமரர் நம்பிவருகின்றனர். அந்த நம்பிக்கை பிழை என்று பல நாட்டு அரசுகள் சட்டம் போட்டே நிறுவியிருக்கின்றன. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் குடியேறும் ஒருவர், தாம் கொண்டுவந்த வெளிநாட்டு ஓட்டுநர் உரிமத்தை வைத்துக்கொண்டு 60 நாள் கார் ஓட்டலாம். 60ஆம் நாள் நள்ளிரவு வரை அவர் தேர்ந்த ஓட்டுநர். மறுநாள் விடிந்ததும், பிரேக் எது ஆக்ஸிலரேட்டர் எது என்று அறியாதவராகச் சட்டம் அவரைப் பார்க்கிறது. இருபது ஆண்டு பழகிய வித்தை ஓர் இரவில் அடியோடு அழிந்துபோகிறது என்றால், மனித மூளையைப் பற்றி அதைவிடப் பெரிய செய்தி இருக்க முடியாது. ஆயினும் மருத்துவரும் மெய்யியலாரும் இதைத் திரும்பிப் பார்க்காமல் விட்டது அறிவுலகின் குறை. அதைத் தீர்க்கவே இக்கட்டுரை. காட்சி, கருதல், உரை என்று நம் முன்னோர் வகுத்த மூன்று அளவைகளாலும் பொருளை அளந்து, எதிர்வழக்காடுவோர் கூற்றுகளை எடுத்து மறுத்து, இறுதியில் முடிபு சொல்வது இதன் முறை.

முதலில் காட்சியளவை. ஒன்ராறியோவில் 60 நாள் உயிரோடிருக்கும் இந்த வித்தை ஜெர்மனியில் 6 மாதம் இருக்கிறது. பிரிட்டனிலும் சுவிட்சர்லாந்திலும் 12 மாதம் தாங்குகிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஒரு நாள்கூடத் தாங்குவதில்லை; சுற்றுலா வந்தவராக நேற்று வரை சர்வதேச ஓட்டுநர் அனுமதியோடு கார் ஓட்டியவர், வதிவிட விசா கைக்கு வந்ததும் உள்ளூர் உரிமம் இல்லாமல் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. தோசை மாவு ஊருக்கு ஊர் வெவ்வேறு நேரத்தில் புளிப்பது போல இதுவும் தட்பவெப்பத்தைப் பொறுத்ததோ என்று முதல் பார்வையில் ஐயம் எழும். பாலைவனத்தில் உடனே கெடுவதும் ஆல்ப்ஸ் மலையடியில் ஓராண்டு கெடாமலிருப்பதும் அந்த ஐயத்துக்கு ஆதரவாகவே நிற்கின்றன. ஆனால் பனி உறைந்து கிடக்கும் ஒன்ராறியோவில் 60 நாளிலும், அதைவிட மிதமான குளிருள்ள பிரிட்டனில் 12 மாதத்திலும் கெடுவதற்கு வெப்பக் கோட்பாட்டில் விடையில்லை. ஆகவே அதை இங்கேயே கைவிடுகிறோம்.

அடுத்தது கருதலளவை. இரு சான்றுகள் போதும். முதலாவது, ஜெர்மன் சட்டத்தில் உள்ள ஒரு சலுகை. அங்கே குடியமர்ந்தவர், தாம் மொத்தம் 12 மாதத்துக்கு மேல் தங்கப்போவதில்லை என்று நம்பத்தக்க விதத்தில் காட்டினால், 6 மாதக் கெடுவை மேலும் 6 மாதம் வரை நீட்டித்து வாங்கலாம். இரண்டாவது, ஒன்ராறியோவிலேயே உள்ளது. அங்கே குடியேறியவருக்கு 60 நாள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட பயணமாக வந்துபோகிறவருக்கோ அந்த மூன்று மாதமும் சொந்த நாட்டு உரிமமே செல்லும். அதற்கு மேலும் இருந்தால் சர்வதேச அனுமதியைக் காட்டி ஓட்டலாம். இவற்றிலிருந்து பெறப்படுவது என்ன? கைத்திறன் அழிவதற்கு நாள் கணக்கு காரணமில்லை. தங்கிவிடும் எண்ணமே காரணம். பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருப்பவரின் திறமை நீடிக்கிறது. மிளகாய்த்தூளையும் பருப்பையும் அலமாரியில் அடுக்கி முடித்தவரின் திறமை மெல்லச் சாகிறது. 'போய்விடுவேன்' என்று வாக்குக் கொடுத்தவருக்கு ஜெர்மனியில் அது புத்துயிரும் பெறுகிறது. இதைக் குடியேற்றக் கோட்பாடு என்று அழைப்போம்.

இனி எதிர்வழக்கு. 'ஓட்டத் தெரிவது வேறு, அந்த ஊரின் விதி தெரிவது வேறு. விதி தெரியாதவரைத் தடுப்பது நியாயம்தானே?' என்பர் ஒரு சாரார். விதிகள் வேறுபடுகின்றன என்பதில் நமக்குப் பிணக்கில்லை. ஒன்ராறியோவில் மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கை மின்னவிட்டு நின்றால், நடுவில் தடுப்பு இல்லாத சாலையில் எதிர்த்திசை வண்டிகளும் நின்றாக வேண்டும். நான்கு பக்கமும் நிறுத்தப் பலகை உள்ள சந்திப்பில் முதலில் வந்து நின்றவர் முதலில் போக வேண்டும். சிவப்பு விளக்கு எரிந்தாலும், தடைப் பலகை இல்லையென்றால், முழுதாக நின்று பார்த்துவிட்டு வலப்பக்கம் திரும்பலாம். அண்ணா சாலையில் பழகிய கண்ணுக்கு மூன்றுமே புதிது. ஆனால் இவை எதுவும் தெரியாத நாள் எது? விமானத்தை விட்டிறங்கிய முதல் நாள்! தூக்கம் கலையாமல், திசை புரியாமல், தப்பான பக்கத்துக் கதவைத் திறந்து ஏறும் அந்த நாளில் சட்டம் அவரைத் தாராளமாக ஓட்டச் சொல்கிறது. இரண்டு மாதம் ஓட்டி, பேருந்துக்கு நிற்கவும் சந்திப்பில் முறை பார்க்கவும் பழகி முடித்த நாளில் 'இனி ஓட்டாதே' என்கிறது. அறியாமைதான் அச்சம் என்றால் கெடு தலைகீழாக இருந்திருக்க வேண்டும்: முதல் 60 நாள் தடை, பிறகு அனுமதி. மொழி தெரியாமை காரணம் என்பாரும் உளர். ஒன்ராறியோவின் எழுத்துத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம் என்பது அவர்களுக்கு விடை. 40 கேள்விகள், சாலை விதியில் 20, குறியீடுகளில் 20, ஒவ்வொன்றிலும் 16 சரியாக இருந்தால் தேர்ச்சி.

'சாலையின் பக்கம் மாறுகிறதே, இடப்பக்கம் ஓட்டியவர் வலப்பக்கம் ஓட்டினால் மோதமாட்டாரா?' என்பர் வேறு சிலர். இதற்கு பிரிட்டனின் பட்டியலே மறுப்பு. அந்நாடு சில நாடுகளின் உரிமங்களைத் தேர்வே இல்லாமல் தன் உரிமமாக மாற்றித் தருகிறது. கனடா, தென்கொரியா, சுவிட்சர்லாந்து ஆகியவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. மூன்றிலும் வலப்பக்கம் ஓட்டுகிறார்கள். பிரிட்டனைப் போலவே இடப்பக்கம் ஓட்டுகிற, சாலைப் பழக்கத்தையே பிரிட்டனிடமிருந்து பெற்றுக்கொண்ட இந்தியாவும் இலங்கையும் அதில் இல்லை. 2021இல் ஐக்கிய அரபு அமீரகம் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. விளைவைப் பாருங்கள். திருநெல்வேலியிலிருந்து துபாய் போய், அங்கே தேர்வு எழுதி, வலப்பக்கம் ஓட்டிப் பழகிய தம்பி லண்டன் வந்தால் அவருடைய உரிமம் மாற்றிக் கொடுக்கப்படும். ஆயுள் முழுக்க இடப்பக்கமே ஓட்டிவிட்டுச் சென்னையிலிருந்து நேரே லண்டன் இறங்கும் அண்ணன் 12 மாதத்துக்குள் தேர்வெழுதித் தேற வேண்டும். பக்கம்தான் பிரச்சினை என்றால் அண்ணனுக்கல்லவா சலுகை?

மூன்றாம் எதிர்வழக்கு வலுவானது; அவசரப்பட்டுத் தள்ள முடியாதது. 'இந்திய உரிமம் எப்படி வழங்கப்படுகிறது என்று எங்களுக்குத் தெரியாதா?' என்பது அது. நாட்டில் உள்ள உரிமங்களில் சுமார் 30 விழுக்காடு போலி என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரியே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். தரையில் கால் ஊன்றாமல் எட்டுப் போட்டுக் காட்டி உரிமம் வாங்கியவருக்கும், எட்டுப் போட்டதாகக் காகிதத்தில் மட்டும் காட்டி வாங்கியவருக்கும் அட்டை ஒன்றுதான். அயல்நாட்டு அதிகாரி இரண்டையும் பிரித்தறிவது எப்படி? நியாயமான கேள்வி. ஆனால் அதே அட்டையை வைத்துக்கொண்டு 12 மாதம் பிரிட்டன் முழுவதும், நெடுஞ்சாலை உட்பட, தனியே ஓட்ட அந்த அதிகாரிதானே விடுகிறார்? சந்தேகம் உண்மையானால் முதல் நாளே தடுத்திருக்க வேண்டும். ஓராண்டு நம்பிவிட்டு அதற்கடுத்த நாள் சந்தேகப்படுவது, சந்தேகத்தின் இலக்கணத்துக்கே பொருந்தாது. அந்தக் கெடு கடந்தபின் நடப்பது இன்னும் விந்தை. அண்ணன் பழகுநர் உரிமம் வாங்கி, காரில் சிவப்பு 'எல்' பலகை மாட்டி, பக்கத்தில் மேற்பார்வையாளர் ஒருவரை உட்காரவைத்துத்தான் ஓட்ட வேண்டும். மேற்பார்வையாளருக்கு 21 வயதும் 3 ஆண்டு உரிமமும் இருந்தால் போதும். அதாவது, லாரிகளுக்கும் ஷேர் ஆட்டோக்களுக்கும் நடுவே கால் நூற்றாண்டு ஓட்டிய ஒருவருக்கு, அவர் ஓட்டத் தொடங்கியபோது பிறந்தே இராத ஒரு பிள்ளை, 'கண்ணாடியைப் பாருங்க அங்கிள்' என்று சொல்லித்தரலாம்.

காட்சியும் கருதலும் இவ்வளவு தூரம் கொண்டுவந்துவிட்டன. எஞ்சியிருப்பது உரையளவை, அதாவது உடன்படிக்கைகளின் வாசகம். 1949இல் ஜெனீவாவில் உருவான சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை, அயல்நாட்டு ஓட்டுநரை அனுமதிக்கச் சொல்கிறது. ஆனால் ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து தங்கிவிட்டவருக்கு அந்தச் சலுகையைத் தர எந்த நாடும் கட்டுப்பட்டதில்லை என்று விலக்கும் வைக்கிறது. 1968இல் வியன்னாவில் உருவானது இன்னும் வெளிப்படை: உரிமம் பெற்ற பிறகு வாழிடத்தையே மாற்றிக்கொண்டு வந்துவிட்டவரின் உரிமத்தை ஏற்க வேண்டிய கடமை இல்லை என்கிறது. திறமை, விதி, பக்கம், போலி எதையும் அந்த விலக்குகள் பேசவில்லை. வீடு எங்கே என்று மட்டும் கேட்கின்றன. காரணத்தையும் அதே உடன்படிக்கைகளிலிருந்து ஊகிக்கலாம். ஒரு நாடு இன்னொரு நாட்டின் உரிமத்தை ரத்துச் செய்ய முடியாது. தன் எல்லைக்குள் அது செல்லாது என்று மட்டுமே அறிவிக்க முடியும். ஒன்ராறியோவில் தவறு செய்கிற ஓட்டுநரின் பெயரில் தண்டனைப் புள்ளிகள் ஏறுகின்றன. பள்ளிப் பேருந்துக்கு நிற்காமல் போனால் மட்டும் 6 புள்ளி. முழு உரிமம் உள்ளவருக்கு 15 சேர்ந்தால் உரிமம் முடக்கப்படும். முடக்க வேண்டுமானால் முடக்குவதற்கு ஓர் உரிமம் அங்கே இருக்க வேண்டும். மதுரையில் வழங்கிய அட்டையை டொராண்டோ என்ன செய்யும்? வந்துபோகிறவர் தவறு செய்தால் விமானம் ஏறிவிடுவார், தொல்லை விட்டது. தங்கிவிட்டவர் நாளையும் அதே சாலையில்தான் வருவார். அவரைப் பிடித்துவைக்க அரசுக்கு ஒரு பிடி வேண்டும். தானே கொடுத்ததாக இருந்தால்தான் உரிமம் அரசால் பறிக்கப்படக்கூடியது; பறிக்கப்படக்கூடியதாக இருந்தால்தான் அரசு அதை உரிமம் என்று மதிக்கிறது.

'அப்படியானால் பதிவு செய்துகொண்டு உள்ளூர் அட்டையைக் கொடுத்துவிடலாமே, தேர்வு எதற்கு?' என்பது கடைசி எதிர்வழக்கு. தேர்வில்லாமல் மாற்றித் தரப்படும் நாடுகளுக்கு அப்படித்தான் நடக்கிறது. அங்கே ஒரு நாட்டின் பதிவேட்டை இன்னொரு நாட்டின் பதிவேடு நம்புகிறது. அந்த நம்பிக்கை இல்லாத இடத்தில், பதிவேட்டுக்குப் பதில் ஆளையே சோதிக்கிறார்கள். ஆக, சோதிக்கப்படுவது நம் கைத்திறன் மாதிரித் தெரிந்தாலும், மதிப்பெண் போடப்படுவது நம் நாட்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு. அந்த அலுவலகம் தேறாததால் பரீட்சைக்கு நாம் உட்காருகிறோம். கெடு நாள்கள் நாட்டுக்கு நாடு மாறுவதற்கும் விளக்கம் இதுவே: திறமை எவ்வளவு நாள் தாங்கும் என்ற கணக்கு அதில் இல்லை, வந்தவர் வரிசையில் நின்று தேர்வெழுத எவ்வளவு அவகாசம் தரலாம் என்ற அலுவலகக் கணக்கே அது.

ஆகவே முடிபு: 61ஆம் நாளில் வித்தை மறப்பதில்லை, வந்தவர் விருந்தாளி என்ற நிலை மறைகிறது. சட்டம் சொல்லும் காரணம் எப்படியிருந்தாலும் அதன் கட்டளை தவறில்லை. ஓர் ஊரின் சாலையைத் தினமும் பயன்படுத்துகிறவர் அந்த ஊருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். இந்த ஆய்வால் வாசகருக்கு நேரும் பயனும் உண்டு. சர்வதேச ஓட்டுநர் அனுமதியை உரிமம் வழங்கிய நாட்டிடமிருந்துதான் வாங்க முடியும். இந்தியர் அதைக் கிளம்பும் முன்பே வாங்கிவிட வேண்டும், அது ஓராண்டு செல்லும், மூல உரிமம் உடன் இல்லாமல் தனியே செல்லாது. எத்தனை ஆண்டு ஓட்டினோம் என்பதற்கு உரிமம் வழங்கிய அலுவலகத்திடம் அல்லது தூதரகத்திடம் கடிதம் பெற்றுச் செல்வது அதைவிட முக்கியம். ஒன்ராறியோவில் அந்தக் கடிதம் 24 மாத அனுபவத்தைக் காட்டினால் இடைக்காலக் காத்திருப்பு இல்லாமல் நேரே இறுதிச் சாலைத் தேர்வுக்குப் போகலாம். கடிதம் இல்லையேல் எவ்வளவு ஓட்டியிருந்தாலும் 12 மாதத்துக்கு மேல் கணக்கில் வராது. சுவிட்சர்லாந்து போகிறவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்; அங்கே ஒரே ஒரு சோதனை ஓட்டம்தான், தவறினால் கையிலுள்ள உரிமம் அந்நாட்டில் செல்லாது, பழகுநராகத்தான் மறுபடி தொடங்க வேண்டும். எங்கே போனாலும் கெடு முடியும் நாளை நாள்காட்டியில் குறித்துவைத்து, முதல் வாரத்திலேயே தேர்வுக்குப் பதிவு செய்யுங்கள். கெடு கடந்து ஓட்டி ஒரு விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இந்தக் கட்டுரையை ஆதாரமாக ஏற்காது.