பதினோராம் எண் கூண்டு கேட்டு ஒரு மனு

அனுப்புநர்: கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவே குடியிருக்கும் ஒரு குடும்ப அட்டைதாரர்.

பெறுநர்: பேரிடர் முன்னேற்பாடுகளைக் கவனிக்கும் உயர்திரு அதிகாரி அவர்கள்.

பொருள்: 11-ஆம் எண் புயல் கூண்டை நிரந்தரமாக ஏற்றக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

வடகிழக்குப் பருவமழையை முன்னிட்டுத் தாங்கள் அனுப்பிய துண்டறிக்கை கிடைத்தது. வழவழப்பான தாள், மழையில் ஊறினாலும் கிழியாது போலிருக்கிறது. எங்கள் கூரை அவ்வளவு உறுதியில்லை.

கரண்ட் போனதும் செயலியைத் திறந்து நிலவரம் பார்க்கச் சொல்லியிருக்கிறீர்கள். 2018 நவம்பர் 16 அன்று நள்ளிரவு தாண்டி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது தென்னையோடு மின்கம்பங்களும் சேர்ந்து படுத்துவிட்டன. பல ஊர்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. செயலி மட்டும் பிழைத்துக்கிடக்கும் என்று தாங்கள் நம்புவது எங்களுக்குத் தெம்பாக இருக்கிறது. உப்புக் குவியலைக் கீற்றுப் போட்டு மூடுவதும் படகை மேட்டுக்கு இழுத்துக் கட்டுவதும் அறிக்கையில் இல்லை. சேர்த்துக்கொள்ளுங்கள், காசு கேட்க மாட்டோம்.

ஒத்திகையும் பிரமாதம். வெள்ளத்தில் சிக்கியவராக நடிக்க எங்கள் சித்தப்பாவை உச்சி வெயிலில் படுக்கவைத்தீர்கள். போட்டோ எடுப்பவர் வரத் தாமதமானதில் அவர் நிஜமாகவே மயங்கிவிட்டார். அதற்கும் கைதட்டினார்கள்.

புயல் பாதுகாப்பு மையத்துக்கு வருகிறேன். கட்டடத்தில் குறையில்லை. உள்ளே பழைய மேஜைகளும் தேர்தல் தட்டிகளும் ஒரு சொட்டு நனையாமல் இருப்பதை ஜன்னல் வழியே பார்த்தோம். சாவி வைத்திருப்பவர் டவுனில் குடியிருக்கிறார். நடுவில் ஒரு தரைப்பாலம், நல்ல மழை ஒன்று பெய்தால் முழுகிவிடும்.

துறைமுகத்தில் ஏற்றும் கூண்டுகளில் 1, 2 என்றால் புயல் தூரத்தில் இருக்கிறது. 8 முதல் 10 வரை பெரும் அபாயம். அதற்கும் மேலே ஒன்று உண்டு, 11. வானிலை மையத்துடன் தொடர்பு அறுந்துவிட்டது என்று அர்த்தம். தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அரசாங்கம் ஊரறிய ஒத்துக்கொள்ளும் அறிவிப்பு இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். (வானிலைக்காரர்களைக் குறை சொல்லவில்லை. புயல் வங்கக்கடலில் சுழலும்போதே சொல்லிவிடுகிறார்கள். அவர்கள் சொன்னதற்கும் எங்கள் தெருவுக்கும் நடுவில்தான் அறுகிறது.)

ஆகவே அந்தக் கூண்டைத் தங்கள் அலுவலக மொட்டைமாடியில் ஏற்றிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஏற்றியதை இறக்கும் சிரமமும் தங்களுக்கு இருக்காது. இரவில் கூண்டுக்குப் பதில் விளக்குப் போட வேண்டுமாம், அதற்கு மண்ணெண்ணெய் நாங்களே வசூல் பண்ணித் தருகிறோம்.

நிதி ஒதுக்கீடு இல்லையென்றால் மையத்தின் சாவியை மட்டும் முக்கத்து டீக்கடையில் கொடுத்துவையுங்கள். கடைக்காரர் கடைக்குள்ளேயேதான் படுத்துக்கொள்கிறார், எந்நேரமும் எழுப்பலாம்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள அட்டைதாரர்.

நகல்: டீக்கடைக்காரருக்கு, தகவலுக்காக.